கையோடு வந்த கைப்பிடி

எண்பது வயதுப் பச்சைக் காரின் கதவுக் கைப்பிடி, கணக்கு வாத்தியாரின் கையோடு வந்துவிட்டது.

கண்காட்சி மைதானம் முழுக்கப் பழைய கார்களும் லாரிகளும் வெயிலில் பளபளத்தன. ஒவ்வொன்றின் முன்னும் ‘தொடாதீர்கள்’ என்று பலகை. "கையைப் பின்னால கட்டிக்கிட்டு வா. எதையாவது தொட்டு வச்சு என் மானத்தை வாங்காதே" என்று வாசலிலிருந்தே மனைவிக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அவள் ஐஸ்கிரீம் வாங்கப் போன இரண்டு நிமிடத்தில் இது நடந்தது. அதுவும் சும்மா, விரல் நுனியால்தான்.

கைப்பிடியின் அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது. அந்தக் காலத்துப் பசை போலும். வைத்து அழுத்தினார், நிற்கவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டார். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று கதவுக்குள் இறங்கிப்போனது.

பத்தடி தள்ளி நின்ற காவலாளி, எதையோ மென்றபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் சட்டென்று திரும்பி, கைகளைப் பின்னால் கட்டி, கைப்பிடியைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அசையாமல் நின்றவரைக் கார் முதலாளி என்றே கூட்டம் முடிவு கட்டியது.

"சார், லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"அது... ஓட்டுறவங்களைப் பொறுத்து."

"இந்த ஜன்னல்ல கண்ணாடியே இல்லையே?"

"அந்தக் காலத்துல கண்ணாடி ஏது?"

"கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்!"

"திறக்கிற நேரம் முடிஞ்சுபோச்சு."

மனைவி இரண்டு ஐஸ்கிரீமோடு வந்தாள். "இந்தாங்க, பிடிங்க."

"ரெண்டையும் நீயே சாப்பிடு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் கேட்டறியாத வாக்கியம் அது. பதறிப்போனாள். "அண்ணே, காவலாளி அண்ணே! ஓடி வாங்க, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

காவலாளி வந்தார். கூட்டத்தை விரட்டினார். வாத்தியாரின் காதில், நாளைக்கு வகுப்பே சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை முன்னால் நீட்டினார்.

"நான்தாங்க. தொட்டுட்டேன்."

மனைவி ஐஸ்கிரீமை நிதானமாக ஒரு நக்கு நக்கினாள். அது போதுமானதாக இருந்தது.

காவலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பபிள்கம்மை எடுத்து வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"சீக்கிரம் மெல்லுங்க சார். காலைல துடைக்கும்போது என் கையோட வந்துச்சு. நீங்க ஆறாவது ஆளு, நான் ஒருத்தனே மென்னு மென்னு தாடை வீங்கிப்போச்சு."