ஐயாவு கங்காணியின் முகச் சிவப்பு

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டே தீருவது. அதற்காகக் கள்ளை விட்டுவிடுவதில்லை. ஐயாவு கங்காணி எடுத்த முடிவு இதுதான்.

மலாயாவில் லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முதல் மரியாதை யாருக்கு என்று சொல்பவர் கோயில் தலைவர் பிச்சைமுத்து. காப்புக் கட்டிய நாள் முதல் கள்ளைத் தொட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. தொட்டால் பரிவட்டம் கங்காணியின் மைத்துனன் பத்துமலை தலைக்குப் போய்விடும். அதைப் பார்ப்பதைவிடத் தன் தலையையே கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தது அவருக்கு.

இடைஞ்சல் அவருடைய முகம். நல்ல வெளுத்த தோல். கள்ளு இறங்கினால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரியும்படி சிவந்துவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பாஸ்கலிடம் போய் முகத்தைக் காட்டினார்.

“கள்ளு மட்டும் இல்ல கங்காணி. வெயிலு, சூடான காப்பி, காரம், கோவம், எதுனாலயும் இந்தத் தோலு சிவக்கும். எல்லாத்தையும் ஒதுக்குங்க.”

கங்காணிக்கு உச்சி குளிர்ந்தது. ஒதுக்குவதாவது! நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் ஐந்தாவது ஆளை யார் கவனிக்கப் போகிறார்கள்? விடிந்ததும் முகத்தைச் சிவக்க வைத்துவிட்டால், சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய்வந்தது யாருக்குத் தெரியும்? வாடைக்குக் கிராம்பு இருக்கிறது.

“மங்களம், காப்பி கொதிக்கக் கொதிக்க வேணும். கொழம்புல ஊசி மொளகா கூடப் போடு.”

“மூஞ்சி செவக்குமுன்னு டிரசர் சொன்னாருன்னீங்க?”

“செவக்கும். அதான் பழக்கணும்லா. பழகிட்டா தானா நின்னுரும்.”

“அப்படியா? எனக்கென்ன தெரியும், நீங்க நாலும் தெரிஞ்சவுக” என்று பெண்சாதி மங்களம் அடுப்பை ஊதினாள்.

அன்றிலிருந்து காப்பி தம்ளரில் குமிழி விட்டது. குழம்பைப் பார்த்தாலே கண்ணில் நீர் வந்தது. நடுப்பகலில் தொப்பியைக் கழற்றிவிட்டு வெட்டவெளியில் நின்றார் கங்காணி. கோபமும் வேண்டுமே, அதற்காகப் பால்வெட்டுக்காரர்களைக் காரணமில்லாமல் திட்டினார். காரணமில்லாமல் திட்டு வாங்குவது அவர்களுக்குப் புதிதல்ல என்பதால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இருட்டியதும் கள்ளுக்கடைப் பின்வாசல். வீடு திரும்பியதும் மங்களம் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்னங்க இப்படிச் செவந்திருக்கு?”

“காப்பிதான்.”

“பாவம். நாளைக்கு இன்னும் சூடாத் தாரேன்.”

பெண்சாதி இவ்வளவு நல்லவளா என்று மனம் உருகிப் போனார் மனுஷன். வாயும்தான் உருகிவிட்டது. திருவிழாவுக்கு முதல் நாள், மத்தியானக் காப்பியும் குழம்பும் இறங்கியதும் நாக்கு முழுக்கப் புண். பச்சைத் தண்ணீரே எரிந்தபோது புளித்த கள்ளை எப்படி விழுங்குவது? வேறு வழியில்லாமல் அன்று யோக்கியராக வீட்டிலேயே இருந்தார். அந்த யோக்கியதையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிச்சைமுத்து பரிவட்டத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்தார். பின்னால் பத்துமலை. கங்காணியின் முகம் தணல் போலக் கனன்றுகொண்டிருந்தது. பிச்சைமுத்து தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்ன கங்காணி, மூஞ்சி இப்படி?”

“ஆத்தா மேல சத்தியமா ஒரு சொட்டுக் குடிக்கலண்ணே. காப்பி, காரம், அவ்வளவுதான். மங்களம், நீயே சொல்லு.”

வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் கலக்காத சத்தியம். மங்களம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவுக சொல்றது நெசந்தாண்ணே. இன்னிக்கிக் குடிக்கல.”

கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டு மெல்ல முன்னால் வந்தது. மங்களம் இன்னும் முடிக்கவில்லை.

“காப்பிக்குன்னா இப்படிக் கன்னம் செவக்கும். நேத்து வரைக்கும் மூக்கும் சேந்துல்லாண்ணே செவந்துச்சு, அது கள்ளுக்கு.”