சுடச்சுட மாஸ்டரின் ஜில் பாஸ்தா

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் ஒருவர்கூட இருக்க முடியாது. எல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுச் சமையல் மாஸ்டரின் திருப்பணி. அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. சுடச்சுட மாஸ்டர் என்றால் போதும்.

இலையில் ஆவி அடங்கினால் அவருக்குப் பொறுக்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சோற்றைப் பிசையாமல் போனில் பேசிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் வந்து இலையையே சுருட்டி எடுத்துவிட்டார்.

"பேசி முடிச்சுட்டுக் கூப்புடுங்க, வேற எல போடறேன்."

கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போன மாமனைக் கல்யாணப் பெண்ணே ஓடிப்போய் அழைத்துவந்தாள்.

மாஸ்டர் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, கரண்ட் கொடுத்ததில்லை. உள்ளே சலவை வேட்டிகள் இருக்கும். "ஆறுனதைத் திங்கறதுக்கு ஒரு பொட்டியா சார்?" என்பார்.

அப்படிப்பட்டவரின் மனைவி சரோஜா அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. சேலத்துக்குப் போய் மருந்து ஏற்றிவிட்டு வந்தால், கொதிக்கிற எதன் வாசனையும் அவருக்குக் குமட்டும். மாஸ்டர் ரசம் வைத்தார், கஞ்சி வைத்தார். ஒன்றும் இறங்கவில்லை. ஊருக்கே சோறு போட்ட மனுஷன், பெண்டாட்டிக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லையே என்று என் வாசலில் உட்கார்ந்து அழுதார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அக்கா போனை நீட்டினார்.

"ஏங்க, இது பாஸ்தாவாம். மெக்சிகோகாரங்க ருசியில செய்யறாங்க. ஜில்லுன்னு சாப்புடணுமாம். இதுன்னா எறங்கும்னு தோணுதுங்க."

அன்றே வேட்டிகள் வெளியே வந்தன. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது.

"வெந்ததைப் பச்சத்தண்ணியில அலசணுமாம் சார். எங்க குரு இருந்தா கரண்டியாலயே அடிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அலசினார். மக்காச்சோளம், ராஜ்மா, தக்காளி, வெங்காயம், பட்டர் ஃப்ரூட், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்தன. அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கம், கடைசியில் கடுகு தாளித்துக் கொட்டினார். அந்த வாசனைக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

மறுநாள் சமையலை என் வீட்டுக்கு மாற்றினார். தாளிப்பு இல்லை. ஆனால் நூறு இலைக்குக் குறைந்து அவருக்கு அளவு வராது, அண்டா நிறையப் பாஸ்தா. அதை ஆறவைத்து, குளிரவைத்து, ஒரு கிண்ணம் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு கரண்டி. கேட்டு வாங்கித் தின்னா."

மீதி அண்டாவைத் தெருவே சாப்பிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. இரண்டு மாதம் சாப்பிட்டேன்.

ஆடியில் அக்கா போய்விட்டார்.

காரியத்தன்று படையலுக்கு உறவுக்காரர்கள் ஆவி பறக்க இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்து, பாஸ்தாவை எடுத்துவந்து படத்தின் முன் வைத்தார். ஒரே ஒரு கிண்ணம். அளவு பழகிவிட்டிருந்தது.

"படையலுக்கு யாராச்சும் ஜில்லுன்னு வெப்பாங்களாப்பா?" என்றார் அவருடைய பெரியப்பா.

மாஸ்டர் என்னைத்தான் பார்த்தார்.

"சார், அந்தக் கொழம்பக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க. வாசன வந்தா அவ சாப்புட மாட்டா."

சட்டி அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. துணி தேடாமல் வெறுங்கையால் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன்.