கடவம் இறக்காதவர்

ஆண்டவர் கூப்பிட்ட மனிதர்கள் என்று ஒரு இனம் உண்டு. குருமடத்துக்குப் போன பிள்ளைகளைச் சொல்லவில்லை. கன்னியர் மடத்துக்குப் போன பெண்களையும் சொல்லவில்லை. அவர்களை ஆண்டவர் சின்ன வயதிலேயே சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொள்கிறார். நான் சொல்லுவது வேறே ஆட்கள். ஓட்டுவீடு கட்டி முடித்து, தங்கக்கம்பி போட்ட மூக்குக்கண்ணாடி வாங்கி, மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து, இனிமேல் சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கடற்கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும்போது, 'ஊர் வாலிபர்களை நல்வழி நடத்து' என்று திடீரென்று கூப்பிடப்படுகிறார்களே, அவர்களைச் சொல்லுகிறேன். இந்தக் கூப்பாடு அவர்கள் காதில் மட்டும்தான் விழும். வாலிபர்கள் காதில் விழாது. ஏன் என்று கேட்கிறீர்களா? ஆண்டவருக்கு வாலிபர்கள் மேலும் இரக்கம் உண்டு.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்றால், நாலாங் கிளாஸ். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் பாருங்கள், எழுத்து எப்படி நிமிர்ந்து நடக்கிறது.

திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போய் அணாக் காசு வந்த புதிது. நம் பக்கம் இன்னும் திருக்கொச்சி ராஜ்யத்தில் கிடந்த காலம். முட்டத்துக் கலங்கரை விளக்கு தெரிகிற தூரத்தில் ஒரு கடற்கரை ஊர். அதில் சேசடிமை என்று ஒரு கருவாட்டு வியாபாரி. பத்து வயதில் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவர். கருவாடு நிறைத்த ஓலைப்பெட்டியை, அதுதான் கடவம், தலையில் சுமந்து சந்தைக்கு நடந்து நடந்து, கடைசியில் லாரி வைத்துச் சரக்கு அனுப்புகிற ஆளாக வந்தவர். யார் கைகொடுத்தும் வந்தவர் இல்லை. இதை அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும் என்பதில்லை. ஆனால் அவர் சொல்லாத நாளும் இல்லை.

"ஏலே மக்கா, என்னையப் பாரு" என்றுதான் தொடங்குவார். "நாலாங் கிளாஸ்தான். ஆனா தலையில கடவம் ஏறிச்சுன்னா எறக்குன வழக்கமில்ல. ஒரு நாள் பேய்மழை. கூட வந்தவனெல்லாம் எறக்கி வச்சுட்டு மரத்தடியில ஒதுங்குதான். நான் எறக்கல. திங்கள்சந்தை வரை ஒரே நடை."

முதலில் திங்கள்சந்தை வரைதான் நடந்தார். லாரி வாங்கின வருஷம் அது தக்கலை ஆயிற்று. ஓட்டுவீடு பால்காய்ச்சின அன்றைக்கு மார்த்தாண்டத்துக்கே போய்விட்டார். மழையும் வர வரக் கனத்தது.

இப்படிப்பட்டவரை ஆண்டவர் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்? அடையாளங்கள் வரிசையாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமியார், வாலிபர்களை நடத்த ஆள் இல்லையே என்று பிரசங்கம் வைத்தபோது, நேரே சேசடிமையைப் பார்த்தாராம். பார்த்தது வாஸ்தவம். சேசடிமைக்குப் பின்னால் தூணில் கோயில் கடிகாரம் தொங்கியது. அதற்குப் பிறகு கடற்கரையில் அவரைக் கண்டதும் பையன்கள் எல்லாம் சடாரென்று எழுந்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் பீடி புகைந்தது. அப்புறம் ஒரு சொப்பனம்: அலை அலையாக வாலிபர்கள் அவர் பின்னால் வருகிறார்கள்.

"எதுக்கு வந்தானுவ?" என்று கேட்டாள் மனைவி ஞானபாய், மீன் கழுவிக்கொண்டே.

"அழைப்பு ஏட்டி. தேவ அழைப்பு."

"மரச்சீனிக் கெழங்கும் சாள மீனும் ராத்திரி அம்புட்டு திங்காம இருந்தியன்னா, ஆண்டவரு விடிஞ்ச பெறவு வந்து கூப்பிடுவாரு."

சேசடிமை இதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. நேராகச் சாமியாரிடம் போனார்.

சாமியாருக்கும் அப்போது ஒரு கவலை இருந்தது. வாலிபர் சங்கத்தின் பழைய தலைவன் கொழும்புக்குப் பிழைக்கப் போய்விட்டான். முக்கில் புதிதாக ஒரு வாசகசாலை திறந்திருந்தார்கள். அங்கே பேப்பரும் கிடைக்கும், கேரம் போர்டும் உண்டு, உபதேசம் இல்லை. இருக்கிற கொஞ்சம் பையன்களையும் பிடித்துவைக்கப் புதுத் தலைவர் வேண்டும். திருவிழாப் பூசையில் பெயர் வாசிக்கப்படும். அன்று தேர்ப்பவனியில் தலைவர்தான் நீலப்பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். சேசடிமை இதற்காக முற்றத்தில் ஒரு துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியிருந்தார். நடை சுத்தமாக வந்துவிட்டது. ஆண்டவர் இவர் பெயரைச் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் இவர் தலைவராக வந்தால் பையன்கள் மொத்தமும் மறுநாளே வாசகசாலையில் இருப்பார்கள் என்று சாமியாருக்குத் தெரியும். இல்லை என்று நேரே சொல்லவும் முடியாது. கோயில் ஓட்டில் பாதி இவர் கொடுத்தது.

"அழைப்பு என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும்" என்றார் சாமியார். "கொடியேற்றிலிருந்து நவநாள் ஒன்பதும் முடிகிற வரைக்கும், தினமும் சாயங்காலம் போய்ப் பையன்களோடு இரும். அவர்கள் பேசுவதைக் கேளும். நீர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடித்துவிட்டீர் என்றால் உம்முடைய பெயரைத்தான் வாசிப்பேன்."

"ஒரு வார்த்தைகூடவா சாமி? தும்மினா?"

"தும்மலாம். தும்மிவிட்டு, 'நான் நாலாங் கிளாஸ்' என்று சொல்லக்கூடாது."

முதல் நாளே உடைந்துவிடுவார் என்று சாமியார் கணக்குப் போட்டார். நம் இனத்தைப் பற்றி அவருக்குப் பாதிதான் தெரியும். பேசுவதற்காக நாம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருப்போம்.

கோயிலுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகையில் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சேசடிமை வாய் நிறைய வெற்றிலையை அடைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். பையன்கள் அரண்டுபோனார்கள்.

"மாமா, சொகமில்லையா?" என்றான் ஜஸ்டஸ். பத்தாங் கிளாஸ் வரை படித்தவன். நாடகம் எழுதினது அவன்தான்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

"பெருசுக்கு நாக்குல என்னமோ வந்திருக்குலே" என்று யாரோ இருட்டிலிருந்து சொன்னான். "மெழுகுதிரி கொளுத்தணும். நோயி தீரணும்னு இல்ல, இப்படியே இருக்கணும்னு."

அதற்கும் மாமா பேசவில்லை. உள்ளே எத்தனை கடவம் எழுந்து நடந்ததோ, கழுத்து நரம்பு புடைத்ததைத் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை.

நாடகத்தின் நடுவே ஒரு பபூன் வருவான். விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சியை வெட்டப்போகிற நேரத்தில்கூட நடுவில் புகுந்து தன் பெருமையைச் சொல்லுகிற ஒரு பெரிய மனிதன். அந்த வேஷம் மரியஜானுக்கு. கட்டுமரத்தில் துடுப்புப் போடுகிற வாட்டசாட்டமான பையன். சேசடிமை இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் அந்தக் காட்சியை ஒதுக்கி வைத்தார்கள். மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று மரியஜான் துணிந்து நடித்தான். கரை போட்ட நேரியல் துண்டைத் தோளில் போட்டான். குடையைக் கக்கத்தில் இடுக்கினான். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, "ஏலே மக்கா, என்னையப் பாரு" என்று தொடங்கி, கடவத்தோடு திருவனந்தபுரம் வரை இறக்காமல் நடந்தான்.

சேசடிமை சிரித்தார். சத்தம் வரக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வெற்றிலை புரைக்கேறியது. ஊரில் இவருக்குப் போட்டியாக வியாகுலம் என்று ஒரு மீன்தரகன் உண்டு. வாயைத் திறந்தால் தற்பெருமை. பையன்கள் அவனை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று இவருக்கு ஒரே ஆச்சரியம். தினமும் அந்தக் காட்சிக்காகவே சீக்கிரம் வந்து உட்கார்ந்தார். வசனம் முழுவதும் மனப்பாடம் ஆகி, சத்தமில்லாமல் உதடு கூடவே அசைந்தது.

பையன்களும் இவரைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள். "தன்னையே கேலி பண்ணுததப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்கணும்னா, மாமாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசுலே" என்றான் ஜஸ்டஸ். அடுத்த நாளிலிருந்து மாமாவுக்குச் சுக்குக் காப்பி வந்தது.

நவநாள் முடிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியார் கலங்கிப்போனார். கொடுத்த வாக்கு இருக்கிறதே. மறுநாள் சாயங்காலம் நாடகம், அதற்கு மறுநாள் திருவிழாப் பூசையில் பெயர்.

நாடகத்தன்று மத்தியானம் மரியஜானுக்குப் பொன்னுக்குவீங்கி. இரண்டு தாடையும் பலாக்காய் மாதிரி. வேதசாட்சி இல்லாமல்கூட அந்த நாடகத்தை ஓட்டிவிடலாம், பபூன் இல்லாமல் முடியாது. பையன்கள் சேசடிமை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மாமா, வசனம் ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் காப்பாத்தணும்" என்றான் ஜஸ்டஸ்.

வாலிபர்கள் தேடி வந்திருக்கிறார்கள். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? "வேஷத்துக்கு என்ன மக்கா வேணும்?" என்றார்.

"நேரியல், குடை, தங்கக்கம்பிக் கண்ணாடி."

"எல்லாம் இஞ்சயே இருக்கு" என்றார் சேசடிமை. அப்போதாவது உறைத்ததா? உறைக்கவில்லை. ஞானபாய் மட்டும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

கோயிலில் ஆசீர்வாதம் முடிந்த கையோடு நாடகம். பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டு பக்கமும் இரைந்தது. கடற்கரை முழுக்கச் சனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன்னால் நாற்காலியில் சாமியார். சேசடிமை மேடையில் கால் வைத்து நேரியலை உதறினதுமே சிரிப்புத் தொடங்கிவிட்டது. மனிதர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நமக்கு இவ்வளவு திறமையா என்று அவருக்கே மலைப்பு.

"ஏலே மக்கா, என்னையப் பாரு. நாலாங் கிளாஸ்தான். ஆனா தலையில கடவம் ஏறிச்சுன்னா எறக்குன வழக்கமில்ல. பேய்மழையில திருவனந்தபுரம் வரை ஒரே நடை."

பெண்கள் பக்கத்திலிருந்து ஞானபாயின் குரல் தெளிவாக வந்தது. "போன ஞாயிறு மார்த்தாண்டம் வரைதானே நடந்திய? அதுக்குள்ள எப்ப திருவனந்தபுரம் போனிய?"

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் கட்டுமரங்கள் தானாகக் கடலில் இறங்கியிருக்க வேண்டும். சாமியார் கைலேஞ்சியை முகத்தில் வைத்துக்கொண்டார். சேசடிமையும் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்போது முன் வரிசையில் தரகன் வியாகுலத்தைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். வியாகுலம் அங்கே இருக்கிறான் என்றால், இங்கே நிற்கிறது யார்?

குனிந்து பார்த்தார். தன்னுடைய நேரியல். தன்னுடைய குடை.

இறங்கிப் போய்விடலாம். போனால் நாடகம் அதோடு நின்றுவிடும். திரைச்சீலை ஓரத்தில் ஜஸ்டஸ் முகம் வெளிறி நின்றான். மாமாவுக்கு இதுவரை தெரியாது என்பது அவனுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கொடுத்த சுக்குக் காப்பியெல்லாம் அவன் கண்ணில் நின்றது. சேசடிமை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"திருவனந்தபுரம் இல்ல" என்றார். "மார்த்தாண்டமும் இல்ல. தக்கலையும் இல்ல. திங்கள்சந்தைதான். அதுவும் வழியில ரெண்டு எடத்துல எறக்குனேன்."

சனம் புரண்டது.

"சிரிக்காதிய. எறக்கியாச்சு. கனத்த கடவம். திரும்ப ஒத்தையில தலையில ஏத்த முடியுமா? எதிர்ப்பக்கம் ஆராவது ஒரு கை பிடிக்கணும்லா. நான் சின்னப் பய, மழையில நின்னு அழுதேன். ரெண்டு எடத்துலயும் ஆரோ வந்து பிடிச்சு ஏத்தி விட்டாவ. பேருகூட கேக்கல."

சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் கடவம் சுமக்கிறவர்கள், அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சாமியார் கைலேஞ்சியை மடித்து மடியில் வைத்தார்.

நம் இனத்தால் எதையும் தாங்க முடியும், கூட்டம் சும்மா இருப்பதைத் தாங்க முடியாது. சேசடிமை குடையை ஓங்கித் தரையில் ஊன்றினார். "ஆனா ஒண்ணு. ஏத்தி விட்ட பெறவு நடந்தது நான்தான்லே."

இந்தத் தடவை ஜஸ்டஸ்தான் முதலில் சிரித்தான்.

நாடகம் முடிந்து வேஷம் கலைக்கிற இடத்துக்குச் சாமியார் வந்தார். கலைக்க அங்கே ஒன்றும் இல்லை. "வாக்குப்படி நாளைக்கு உம்முடைய பெயரை வாசிக்கிறேன்" என்றார்.

சேசடிமை நேரியலை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "ஜஸ்டஸ் பேர வாசியுங்க சாமி. அழைப்பு அவன் காதுல நல்லா விழுது."

"உமக்கு?"

"பயலுவ வருஷா வருஷம் நாடகம் போடுவானுவல்லா. பபூனுக்கு ஆளு வேண்டாமா?"

மறுநாள் தேர்ப்பவனியில் ஜஸ்டஸ்தான் முன்னால் நின்றான். நீலப்பட்டுக் கொடியின் கம்பு தேக்கு. ஒற்றை ஆளாக நிமிர்த்தி இடுப்புவாரில் செருக முடியாது. எதிர்ப்பக்கம் ஒருவர் வந்து கை பிடித்தார். பிடித்துவிட்டு ஆண்களோடு ஆணாகப் பின்னால் போய் நடந்தார். வாசகசாலையில் அன்று கேரம் போர்டு சும்மா கிடந்ததாகக் கேள்வி.

சேசடிமை திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே, தன் கை இல்லாவிட்டால் கொடி நிமிர்ந்திருக்காது என்று கடற்கரையில் பேச்சு. நாடகம் பார்க்கக் குளச்சலிலிருந்து ஆள் வந்ததாகக் கொஞ்ச நாள் சொன்னார். இப்போது அவர்கள் கொல்லத்திலிருந்து வருகிறார்கள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அன்று நான் மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தேன்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனசில் ஒரு முகம் வந்திருக்கும். அடுத்த தெருக்காரர், அல்லது மைத்துனர். அப்படியே அச்சாக இருக்கிறாரே என்று சிரித்திருப்பீர்கள். சேசடிமைக்கும் அப்படித்தான் வியாகுலத்தின் முகம் வந்தது. அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழாவில் பிள்ளைகள் நாடகம் போட்டால், பபூனுடைய நேரியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எங்கேயோ பார்த்த கரை மாதிரி இருந்தால், உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பி, உங்களுடையது கொடியில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.