பவுடர் டப்பாவில் இல்லாத வார்த்தை

திண்டுக்கல்
9-3-1959

உயர்திரு மச்சான் பொன்னுத்துரை அவர்களுக்குப் பெருமாள்சாமி வணக்கம். நானும் உங்கள் தங்கை சண்முகவள்ளியும் உடம்பால் சுகம். மனசைக் கேட்க வேண்டாம். அங்கு அனைவர் சுகத்துக்கும் எழுதவும்.

நாளைக் காலை நகரசபை அதிகாரி வந்து, நம் பூக்கடை லைசென்ஸை ரத்து செய்வதா என்று முடிவு சொல்லப்போகிறார். வக்கீல் குமாஸ்தாவான நீங்கள், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கடைப் பையனோடு முதல் பஸ்ஸில் வந்து பேசினால்தான் கடை பிழைக்கும். நடந்தது இது. கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடையைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் பூக்கூடைகளைப் பரப்பியிருந்தேன். போன மாதம் இந்த அதிகாரி வந்தார், பலகையைப் பார்த்தார், "பிளாக்ரண்ட்" என்றார். கூட வந்தவரிடம் திரும்பி, "வெரி பிளாக்ரண்ட்" என்றார். சண்முகவள்ளியின் பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் வார்த்தைதானே, கடை மணக்கிறது என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாலையும் போட்டேன். அவர் முகம் சிவந்ததைக் கூச்சம் என்று நினைத்தேன். அத்தோடு விட்டேனா? பலகையை இன்னும் ஒரு முழம் ரோட்டுக்குத் தள்ளி, 'நகரசபை அதிகாரியே பிளாக்ரண்ட் என்று சொன்ன கடை' என்று போர்டு எழுதி மாட்டினேன். போறவன் வாரவன் அம்புட்டுப் பேரும் படித்தான்.

நேற்று நோட்டீஸ் வந்தது. அதிலும் அதே வார்த்தை. பக்கத்துத் தோல் மண்டி சாகுல் ஹமீது மதராஸ் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் எழுதிப் பழகியவர்; அவரிடம் ஓடினேன்.

"டப்பால இருக்குறது 'பிராக்ரண்ட்', ரகரம்ணே, மணக்குதுன்னு அர்த்தம்; அவரு சொன்னது ளகரம். கூச்சநாச்சம் இல்லாம, பட்டப்பகல்ல, ஊரு பாக்கச் செய்யிற அக்கிரமத்துக்குத்தான் பிளாக்ரண்டுன்னு பேரு. என் மண்டிய எவனாச்சும் மணக்குதுன்னா நான் மொதல்ல டிக்ஷனரியப் பாப்பேன். நீங்க பெயின்ட் அடிச்சு ஒத்துக்கிட்டீங்களேண்ணே."

உங்கள் தங்கை ஒன்றுதான் கேட்டாள்: "மாலைய வேற போட்டீகளாக்கும்?"

தள்ளிய முழத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். போர்டை யார் கண்ணிலும் படாமல் ஒழிக்கும்படி உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு போர்டே இருந்ததில்லை என்று நீங்கள் அடித்துப் பேசினால் தவணையாவது கிடைக்கும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பெருமாள்சாமி

பி.கு.: மச்சான், புறப்பட வேண்டாம். நாளைக்கு வரவேண்டிய அதிகாரி இப்போதே வந்துவிட்டார். உங்கள் தங்கை போர்டை ஒழிக்கிறேன் என்று, சாக்கடைப் பலகையில் உடைந்திருந்த இடத்தில் வைத்து ஆணி அடித்திருக்கிறாள், எழுத்து மேல்பக்கமாக. அதன்மேல் நின்றுகொண்டு அவர் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார்.