பூவம்மா குளிப்பாட்டிய மலை

ஜாலான் புசார்
நவம்பர் 1964

பெருமதிப்புக்குரிய தங்கராஜு மாமா அவர்களுக்கு, மருமகன் சேதுபதியின் வணக்கம். இங்கே என் அறையின் கூரையைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீங்களும் மங்களம் அத்தையும் பிள்ளைகளும் நலமென்றே நம்புகிறேன்.

"வீட்டுக்குப் பின்னால மலையை வெட்டிட்டானுங்க, செவுரு மாதிரி நிக்குது, மழைக்கு முன்னாடி காலி பண்ணணுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் குன்றின் மண் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. சோதித்தவன் நான். தன் பங்களாவுக்குப் பாதை போட உங்கள் தலைக்கு மேலே வெட்டிய முதலாளி, தன் படுக்கையறைக்குப் பின்னால் இப்படி வெட்டுவாரா என்பது வேறு கேள்வி. அதை அவரிடமே கேட்பேன்.

பாறை நின்ற இடத்திலேயே மக்கி மண்ணானதுதான் உங்கள் குன்று. அதைக் குலையாமல் குழாயில் எடுத்து, ஒரு சாண் உருளையாகச் சீவி, வட்டப் பீடத்தில் நிறுத்தி, உடையும்வரை அழுத்த வேண்டும். எவ்வளவு தாங்குகிறது, எவ்வளவு குறுகுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் உருளை மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காய்ந்திருந்தது. கல் மாதிரி தாங்கியது. இரண்டாவதைப் பீடத்தில் நிறுத்திவிட்டுத் தே குடிக்கப் போனேன். அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. கூட்டிப் பெருக்க வந்த பூவம்மா உருளையையும் பீடத்தையும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான், நான் திரும்பி வந்தால் உருளைக்குத் திருநீற்றுப் பட்டை, உச்சியில் செம்பருத்தி, ஒரு வாளித் தண்ணீர் அபிஷேகம் முடிந்து, என் டின் பாலும் அதன் தலையில் வழிந்துகொண்டிருக்கிறது!

"அக்கா, இது வெறும் மண்ணு!"

"மண்ணுல புடிச்ச லிங்கம்னு தெரியுது தம்பி. இத்தனை படிச்சவங்க இருக்கீங்க, ஒருத்தருக்காச்சும் குளிப்பாட்டணும்னு தோணுச்சா லா?"

தொண்டை வற்றப் பகுத்தறிவு பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திருநீற்றை நீட்டினாள். ஆத்திரத்தில் அந்த உருளையையே எந்திரத்தில் வைத்து அழுத்தினேன். என்னத்தைச் சொல்ல மாமா, தேயில் முக்கிய ரொட்டி மாதிரி வயிறு பிதுங்கி உட்கார்ந்துவிட்டது. எங்கள் எஞ்சினியர் விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரிலேயே லிங்கம் இருந்தும் அதன்மேல் இரக்கமில்லை.

"ஐசே, உதைத் தூக்கி எறியும். காய்ஞ்சதை மட்டும் எழுதும். பூவம்மா ஊத்தின தண்ணிக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதேலாது. கொன்ட்ராக்டர் போனுக்கு மேல போன் அடிக்கிறான்."

அவர் சொன்னது முதல் தடவையாக எனக்குச் சரியென்று பட்டது. மூடநம்பிக்கையை அறிக்கையில் சேர்க்க முடியுமா? ஆகவே மாமா, உங்கள் மலை கல். விஞ்ஞானம் சொல்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள். அத்தைக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

உங்கள் மருமகன்
சேதுபதி

பி.கு.: கடிதத்தை உறையில் போடப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி, மேலே எழுதிய "கல்" கரைந்துவிட்டது. மாமா, பூவம்மா ஊற்றியது ஒரே ஒரு வாளி! காய்ந்ததை மட்டும் எழுதச் சொன்னவனும் மடையன், சரியென்று தலையாட்டிய நானும் மடையன். நாளை அறிக்கையில் ஈர உருளைதான் முதலில் வரும். இதைத் தபாலில் போட்டால் மழை முந்திவிடும் என்று நானே கொண்டு வருகிறேன். இந்த வரியை நீங்கள் படிக்கும்போது உங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பவன் நான்தான். எழுந்திருங்கள்.