எதிர்ப்பக்கத்துக் கரண்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே நானும் உன் அக்காவும் கரண்ட் இருக்கும் நேரங்களில் நலம்.

எனக்குப் பொறாமை என்று உன் அக்கா போனில் சொன்னாளாம். அபாண்டம். நடந்ததைக் கேட்டுவிட்டு நீயே சொல். பதினேழு வருஷமாக வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் எதிரே ஒருவர் அதே தொழிலுக்குக் கடை திறந்தார். திறக்கட்டும், ஊர் பெரிசு. ஆனால் அவர் பக்கத்துக்குக் கரண்ட் நிற்காத ஆஸ்பத்திரி லைன், என் பக்கத்துக்குப் பழைய லைன், நடுவில் பன்னிரண்டு அடி ரோடு. தினமும் காலை பத்து மணிக்கு என் மெஷின் பாதித் தாளைக் கவ்வியபடி செத்துவிடும். எதிரே அவர் மெஷினின் பச்சை வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஓடும். என்னிடம் வரிசையில் நின்றவர்கள் அப்படியே ரோட்டைத் தாண்டிவிடுவார்கள். அங்கே ஃபேன் வேறு! எனக்கு வயிறு எரிந்தது, பசியாகத்தான் இருக்கும்.

எதிர்க்கடைக்கு மட்டும் என்ன சலுகை, எங்களையும் அந்த லைனில் சேருங்கள் என்று மின்சார ஆபீசுக்கு மனு எழுதினேன். மூன்று நகல் வேண்டுமாம். என் கடையில் கரண்ட் இல்லை. வேறு வழி? ரோட்டைத் தாண்டி, அவரைப் பற்றிய மனுவை அவரிடமே நீட்டினேன். மனுஷன் முழுசாகப் படித்தார்.

"அண்ணே, 'பாரபட்சம்'ல ஒரு எழுத்த விட்டுட்டீங்க," என்று திருத்தினார். "தெரு விஷயம்தானே, நானும் சேர்ந்துக்கறேன்," என்று கீழே கையெழுத்தும் போட்டார். இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது, சொல்!

மனுவோடு நான் மட்டும் ஆபீசுக்குப் போனேன்; இன்ஜினியரம்மா பொறுமையாகக் கேட்டார். "ஊர் வளர்ந்த வேகத்துக்கு லைன் வளரல சார். உங்களையும் சேர்த்தா ஆஸ்பத்திரில ஆபரேஷன் நடக்கறப்ப கரண்ட் போயிடும். புது டிரான்ஸ்பார்மர் வருது, கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அப்ப அவரை எங்க லைனுக்கு மாத்துங்க." வாய் தவறி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கும் சுமை குறையும் என்று மறுவாரமே மாற்றிவிட்டார்கள். எதிர்க்கடை இருண்ட முதல் நாள் இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் வந்தவர்களெல்லாம் இரண்டு கடையையும் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தார்.

"நம்ம மனுவுல என்னண்ணே தப்பாப் போச்சு?"

நான் செத்துக் கிடந்த மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து உன் அக்கா பார்த்த பார்வைக்கு, கரண்ட் இல்லாமலே மெஷின் ஓடியிருக்கும்.

அதனால் மச்சான், அவர் முகத்தில் முழிக்க முடியவில்லை. உங்கள் ஊரில் கடைக்கு ஓர் அறை பார். கரண்ட் நிற்காத பக்கமாகப் பார்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: அறை பார்க்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் புது டிரான்ஸ்பார்மரில் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். இனி ரோட்டின் இரண்டு பக்கமும் நாள் முழுக்கக் கரண்ட். தெருவே சந்தோஷப்படுகிறது. எனக்கும் சந்தோஷம்தான், அவருக்கும் வந்துவிட்டதே என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.