கவிஞரின் கல் திரும்பிய விஷயம்

கல்லறைத் தோட்டக் குழுவின் செயலாளரும் என் மனைவியின் அண்ணனுமான மச்சானுக்கு வணக்கம்.

நலம். நீங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் சொன்னபோது, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாப்ள" என்றீர்கள். முப்பத்தாறு வருடம் பத்திரிகைக்கு எழுதியவனுக்கு எழுதுவது கஷ்டமில்லை, விஷயம்தான் கஷ்டம்.

நம் தேவாலயத் தோட்டத்தில் நூற்றுப்பத்து வருடமாகச் சாய்ந்துகொண்டே வந்த கவிஞரின் கல்லறைக் கல்லைப் போன மாதம் உங்கள் குழு நிமிர்த்தியது. கொத்தனார் அதை முகம் மாற்றி நட்டுவிட்டார். கேட்டால், "எழுத்து வெயில் பக்கம் இருந்தாதானே சார் படிக்க முடியும்? இத்தனை வருஷம் தப்பா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்கிறார். அதிலுள்ள நான்கு வரிக் கவிதையைப் படிக்க வருகிறவர்கள் இப்போது நிற்கும் இடம், இதுவரை கல்லின் முதுகுக்குப் பின்னால் இருந்த இடம். பதினொரு மாதம் முன்பு உங்கள் தங்கைக்கு நாம் இருவரும் மண் போட்ட இடம். சனிக்கிழமை எண்ணினேன். நாற்பத்தொரு பேர், எண்பத்திரண்டு கால், ஒரு கைத்தடி. ஒருவர் அவள் பெயர் பொறித்த கல்மேல் காலைத் தூக்கி வைத்து ஷூ நாடா கட்டினார். "சார், அது..." என்றேன். "ஒரு நிமிஷம் பெருசு, முடிச்சுடறேன்" என்றார். துடைத்த தரை காயும்வரை என்னை வாசலிலேயே நிறுத்தியவள் அவள். உங்களையும் ஒருமுறை மழையில் நிறுத்தினாள், மறந்திருக்க மாட்டீர்கள். இப்ப எழுந்து வந்து திட்டக்கூட முடியாம கெடக்கா, மச்சான். நெனச்சா சோறு எறங்கல.

ஆகவே கல்லைப் பழையபடி திருப்ப ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகும் வழியில் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் கவிஞரைப் படித்துவிட்டுப் போனபின் டிரைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "கவிதையெல்லாம் நமக்கு ஏறாது சார். இந்தம்மா யாரு? போன வருஷம்தான் போல" என்றார். பதினொரு மாதத்தில் அவளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நீங்கள் உட்பட. சொன்னேன். ஈரத் தரைக் கதைக்கு நான் வந்ததும் அவர் மெல்லப் பின்வாங்கி, இரண்டு செருப்பையும் புல்லில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமையும் வருவேன் சார். மிச்சத்தச் சொல்லுங்க."

மிச்சம் நிறைய இருக்கிறது. கல்லைத் திருப்ப வேண்டாம். வேண்டாம் என்பதையும் உங்களுக்கு எழுத்தில்தானே தர வேண்டும், அதனால் உறையைப் பிரித்து இதையும் சேர்த்தேன்.